விழுந்து விழுந்து எழும் கணிப்பொறி

விடுதியில் தங்கிப் படிக்கும் நம்மவர்க்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒருவகை உண்டு. நலம் கேட்டு முடிந்ததும் தங்கை மெல்லத் தொடங்குவாள்: "அண்ணா, வீட்டுக் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது. விண்டோஸ் வரவே மாட்டேன் என்கிறது." பொறியியல் பயில்பவர்க்கு இவ்வழைப்பு உறுதி. வரலாறு பயில்பவரும் தப்புவதில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது என்பது வீட்டாரின் எண்ணம்! பொறி இருப்பதோ சேலத்தில் அல்லது நாகர்கோவிலில். நாம் இருப்பதோ 2000 கிலோமீட்டருக்கு அப்பால், தில்லியில். கண்ணால் காணாமலும் கையால் தொடாமலும் ஒரு பொறியின் நோயை அறிய முடியுமா?

பெரும்பாலும் முடியும். அதற்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "எந்த இடத்தில் விழுகிறது?" இதற்குச் சரியான விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காமல் கைவைத்தால், நல்ல உறுப்புகளை மாற்றிப் பணத்தை இழப்போம். அல்லது அதனினும் அரியதான கோப்புகளை இழப்போம்.

பொத்தானை அமுக்கியது முதல் நம் பெயர் திரையில் தோன்றும் வரை பொறி ஒரு மாடிப்படி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதற்படி மின்சாரம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை எஸ்.எம்.பி.எஸ். என்னும் இரும்புப் பெட்டி 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. அளவுகள் நிலைப்பட்டதும், "எல்லாம் செம்மை" என்று மதர்போர்டுக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறது. அக்குறிப்பு வரும் வரை செயலி அசையாது. வந்த பின்னும் இடையில் அது ஒருகணம் தவறினால் பொறி மீண்டும் அடிப்படிக்கே தள்ளப்படும். இரண்டாம் படி பயாஸ். நினைவகம் உண்டா, திரை உண்டா, வட்டு உண்டா என்று அது சோதிக்கிறது. பொறியைச் செய்தவரின் சின்னம் அப்போதுதான் தோன்றும். மூன்றாவதாக, வட்டிலிருந்து தொடக்க நிரல் எடுக்கப்படுகிறது. நான்காவதாக விண்டோஸின் உட்கரு எழுந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய டிரைவர் என்னும் நிரல்களை ஏற்றுகிறது. சின்னத்தின் கீழே புள்ளிகள் சுழல்வது அந்நேரம். இறுதியில் நாம் கடவுச்சொல் இட்டு நுழைகிறோம்.

இப்படிகளை மனத்தில் வைத்துக்கொண்டு தங்கையிடம் கேளுங்கள். திரையில் ஒன்றுமே தோன்றுமுன் விழுகிறதா? அப்படியானால் மின்சாரத்தையும் நினைவகத்தையும் ஐயுறுக. விண்டோஸைக் குறை கூற இடமே இல்லை. சின்னம் தோன்றிப் புள்ளிகள் சுழலும்போது விழுகிறதா? டிரைவர், வட்டு, அரைகுறையாய் நின்றுபோன அப்டேட் ஆகியவை விசாரணைக்கு உரியவை. உள்ளே நுழைந்து பத்து நிமிடம் நன்றாக ஓடிய பின் விழுகிறதா? வெப்பத்தைப் பற்றி நினைக்கலாம். விளையாட்டோ படத்தொகுப்போ தொடங்கியவுடன் விழுகிறதா? எஸ்.எம்.பி.எஸ். பாரம் தாங்கவில்லை போலும்.

ஒரே சோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். பொறி எழும்போது 'டிலீட்' விசையையோ 'எஃப் 2' விசையையோ விட்டுவிட்டுத் தட்டினால் பயாஸ் பக்கம் திறக்கும். எதையும் மாற்றாமல் அப்பக்கத்திலேயே அரைமணி நேரம் விட்டுவையுங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, வைரஸும் இல்லை. அந்நிலையிலும் பொறி விழுமாயின், குறை இரும்பில் இருக்கிறது, மென்பொருளில் இல்லை. விழாமல் நிற்குமாயின் ஐயம் பெரும்பாலும் மேற்படிகளுக்கு நகர்கிறது. 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம், பயாஸ் பக்கத்தில் பொறிக்குப் பாரம் குறைவு, நலிந்த எஸ்.எம்.பி.எஸ். அங்கே நல்ல பிள்ளையாய் நடந்துகொள்ளக்கூடும்.

விழுவதிலும் இருவகை உண்டு. மென்பொருளின் உள்ளே பிழை நேர்ந்தால், விண்டோஸ் பிழையின் பெயரைத் திரையில் எழுதிவிட்டு மறுபடி தொடங்கும். அத்திரை நெடுங்காலம் நீலமாக இருந்தது. விண்டோஸ் 11-இல் 2025-ஆம் ஆண்டு கறுப்பாக மாற்றப்பட்டது. மின்சாரம் தவறினாலோ எழுத நேரமே இராது. விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று இருண்டுவிடும். ஆகவே, "ஏதாவது எழுத்துத் தோன்றியதா, அல்லது பட்டென்று அணைந்ததா?" என்று கேட்பது மிகவும் பயன் தரும். எழுத்து மின்னி மறைந்தது என்றால் அதைப் படிக்க வழி செய்யவேண்டும். விண்டோஸ் எழும்போது இரண்டு மூன்று முறை பொத்தானைப் பிடித்து அணைத்தால், அடுத்த முறை அதுவே மீட்புப் பக்கத்தைக் காட்டும். அங்கே தொடக்க அமைப்புகள் என்னும் பகுதியில் ஒன்பதாம் எண், பிழை நேர்ந்தால் தானாக மறுதொடக்கம் செய்யாதே என்பது. அதைத் தேர்ந்துவிட்டால் பிழைத்திரை அப்படியே நிற்கும்; தங்கை கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்ப்போர் 'கெர்னல் பவர் 41' என்ற குறிப்பைக் கண்டு, பவர் என்று இருப்பதால் மின்பெட்டிதான் கெட்டது என முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கிவிடுகின்றனர். அக்குறிப்பின் பொருள், "முறையாக அணைக்கப்படாமல் பொறி மீண்டும் தொடங்கியது" என்பதுதான். ஏன் என்பதை அது சொல்வதில்லை. நமக்கு முன்பே தெரிந்த செய்தியை அது திருப்பிச் சொல்கிறது, அவ்வளவே.

இனி மின்சாரத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்; நம் வீடுகளில் பெரும்பாலான தொல்லை அங்கிருந்தே பிறக்கிறது. சுவர் மின்சாரம் நின்ற பின்னும், நன்கு செய்யப்பட்ட எஸ்.எம்.பி.எஸ். தன் கெப்பாசிட்டரில் சேர்த்துவைத்த ஆற்றலால் ஏறத்தாழ 16 மில்லிநொடி பொறியைத் தாங்கும். நம் நாட்டு மின்சாரம் ஒரு சுற்றுச் சுற்றி வரும் காலம் 20 மில்லிநொடி. அதாவது, முழுதாக ஒரு சுற்று மின்சாரம் விட்டுப்போனாலே பாரத்தில் உள்ள பொறி தடுமாறும். வீட்டு இன்வெர்ட்டர் விசிறிக்கும் விளக்குக்கும் என்று செய்யப்பட்டது; மின்சாரம் நின்றதும் மின்கலத்துக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் நேரம் இதனினும் கூடுதலாக இருக்கலாம். விசிறி அதை உணராது. கணிப்பொறி உணர்ந்து விழும். "கரண்டு போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து எழுகிறது, டியூப்லைட் எரிகிறது" என்று வீட்டில் சொன்னால் பொறியில் குறையே இல்லை என்று கொள்ளலாம். பல இன்வெர்ட்டர்களில் 'யு.பி.எஸ்.' என்று குறித்த ஒரு சுவிட்ச் உண்டு. அதை அந்நிலைக்கு மாற்றினால் மாறும் நேரம் குறையும். ஐந்நூறு ஆயிரம் என்று செலவழிக்குமுன் அந்தச் சுவிட்சை ஒருமுறை பார்ப்பது நல்லது.

மாலையில் தண்ணீர் மோட்டார் போடும்போது மட்டும் விழுகிறதா? பிளக்கை அசைத்தால் விழுகிறதா? எக்ஸ்டென்ஷன் போர்டில் கருகிய வாடை வருகிறதா? இவற்றைக் கேட்டு, பொறியைச் சுவர்ச் சாக்கெட்டிலேயே நேராகச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் விடுதி அறைகளிலும் ஒரே போர்டில் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் கணிப்பொறியும் கூட்டுக் குடும்பம் நடத்துவதைக் காண்கிறோம் அல்லவா?

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஒரு நல்ல கல்வி. பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை நம்பவேண்டா. அடியில் சிறிய எழுத்தில் 12 வோல்ட் வழிக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்க 168 வாட் ஆகிறது. இன்றைய செயலியும் வரைகலை அட்டையும் உண்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் வழியிலிருந்துதான். ஆகவே, பெயரளவில் 450 ஆக இருக்கும் பெட்டி 200 வாட் கேட்கும் பொறிக்குச் சோறு போட இயலாமல் கைவிரிக்கும். மல்டிமீட்டர் வைத்திருப்போர் அளந்தும் பார்க்கலாம்: 12 வோல்ட் வழி 11.4-க்குக் குறையவோ 12.6-ஐ மிஞ்சவோ கூடாது. ஆனால் அப்பெட்டியைத் திறக்க எவரும் முற்படவேண்டா. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கும். பக்கத்து வீட்டுப் பொறியிலிருந்து நல்ல பெட்டி ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே பாதுகாப்பான சோதனை.

மற்றொன்று, எளிதில் மறந்துபோவது. கேபினெட்டின் முன்னுள்ள பொத்தானே உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். பொத்தானை நான்கு நொடி பிடித்தால் பொறி அணையும் என்பது நாம் அறிந்ததே. சிக்கிய பொத்தான் அதைத்தான் செய்கிறது. ரீசெட் பொத்தான் சிக்கினாலோ, பொறி எழவே எழாமல் தொடக்கத்திலேயே சுழலும். மதர்போர்டில் செருகியிருக்கும் ரீசெட் கம்பியை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். காசு செலவில்லை.

வெப்பத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. மே மாதத்து லூக்காற்றில் தில்லி அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது, செயலியிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்றே கொதித்துக்கொண்டிருக்கிறது. செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் தாங்காமல் 100 டிகிரி அளவைத் தாண்ட நேர்ந்தால் தன்னைக் காத்துக்கொள்ளப் பொறியை அணைத்துவிடும். அணைந்தவுடன் மறுபடி போட்டால் முன்னினும் விரைவில் அணையும். அரைமணி ஆறவிட்டுப் போட்டால் நெடுநேரம் ஓடும். இந்த வேறுபாடு வெப்ப நோயின் தெளிவான அடையாளம். தூசியைத் தூரிகையால் நீக்குக. விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுக. செயலியின் மேலுள்ள விசிறி நான்கு பிளாஸ்டிக் கால்களால் பொருத்தப்பட்டதாயின், அவற்றுள் ஒன்று கழன்று தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். ஒரு கால் தூக்கினால் போதும், வெப்பம் இறங்க வழியில்லை. மடிக்கணினியை மெத்தையின் மேல் வைத்து இயக்குவோர் அதன் மூக்கைப் பொத்துகிறார்கள் என்பதை வீட்டில் சொல்லிவையுங்கள்.

ராம் எனப்படும் நினைவகத் தகட்டைக் கழற்றித் திரும்பச் செருகினாலே குணமாகும் பொறிகள் பல. இரண்டு தகடுகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துப் பார்க்க. பின் மற்றதை மட்டும் வைத்துப் பார்க்க. எது இருக்கும்போது விழுகிறதோ அது குற்றவாளி. கடைக்காரர்கள் தகட்டின் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். பயன் உண்டுதான், துகள் உள்ளே விழாமல் துடைத்துவிட்டுச் செருகவேண்டும்.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற மின்கலம் ஒன்று உண்டு. 3 வோல்ட்; பயாஸின் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பது. சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோனால் கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டத் தொடங்கும். இது சிறு குறைபோல் தோன்றும். ஆனால் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்போது, வட்டைப் படிக்கும் முறையும் மாறிவிடக்கூடும். தன் வட்டைத் தானே காணமுடியாமல் விண்டோஸ் பாதியில் விழும், எழும், விழும். "கடிகாரம் சரியாக இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வி இதை வெளிப்படுத்திவிடும்.

மென்பொருளால் விழும் பொறிக்கு உலகறிந்த சான்று 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் கிடைத்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்குத் தன் வாடிக்கையாளர் பொறிகளுக்கு ஒரு புதிய கோப்பை அனுப்பியது. அக்கோப்பைப் படித்த டிரைவர், தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டது. டிரைவரோ உட்கருவோடு சேர்ந்து தொடக்கத்திலேயே எழுவது. ஆகவே விண்டோஸ் விழுந்தது; எழுந்தது; அதே கோப்பை மீண்டும் படித்தது; மீண்டும் விழுந்தது. 78 நிமிடத்தில் நிறுவனம் தவற்றைத் திருத்திவிட்டது. ஆயினும், ஏற்கெனவே சுழலில் சிக்கிய பொறிகளில் பெரும்பாலானவற்றுக்குத் திருத்தம் போய்ச் சேரவில்லை. எழுந்து நின்றால்தானே வாங்கிக்கொள்ளும்? ஏறத்தாழ 85 இலட்சம் பொறிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்ன? 'சேஃப் மோட்' என்னும் நிலையில் பொறியை எழுப்பி, அந்த ஒரு கோப்பை அழிப்பது. அந்நிலையில் விண்டோஸ் இன்றியமையாத டிரைவர்களை மட்டும் ஏற்றும். வெளியார் நிரல்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

வீட்டுப் பொறிக்கும் அதே மருந்துதான். சேஃப் மோடில் பொறி நிலையாக நிற்குமாயின் இரும்பு பெரும்பாலும் நலம். அண்மையில் நுழைந்த ஏதோ ஒன்று கேடு செய்கிறது. கடைசியாக வந்த அப்டேட்டை மீட்புப் பக்கத்திலிருந்தே நீக்கலாம். புதிதாகப் போட்ட வரைகலை டிரைவரையும் இரண்டாவது ஆண்டிவைரஸையும் எடுத்துவிடலாம். ஆனால் அப்டேட்டே வேண்டாம் என்று நிரந்தரமாக நிறுத்திவிடுவோர் 2003-ஆம் ஆண்டை நினைவில் கொள்வது நல்லது. அவ்வாண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழு பரவி, வீட்டுப் பொறிகளில் 60 நொடியை எண்ணிக் காட்டி மறுதொடக்கம் செய்யவைத்தது. அதற்கான திருத்தம் ஜூலை 16-ஆம் நாளே வெளிவந்திருந்தது; போட்டுக்கொள்ளாதவர் பொறிகளே வீழ்ந்தன.

வட்டை இறுதியில் வைத்தேன். அக்கறையில் அதுவே முதல். பொறியின் மற்ற உறுப்புகள் எல்லாம் கடையில் கிடைக்கும். தங்கையின் திருமணப் படங்களும் தாத்தாவின் குரலும் எந்தக் கடையிலும் கிடையா. பழைய வகை வட்டு நோயுற்றால் டக் டக் என்று ஒலி கேட்கும். விண்டோஸ் எழ மணிக்கணக்கு ஆகும். அந்நிலையில் வட்டைச் சரிபார்த்துப் பழுதுநீக்கும் கட்டளையை முதலில் கொடுப்பது, மூச்சுத் திணறுபவனை மலையேறச் சொல்வது போன்றது. முதலில் கோப்புகளை வெளியே எடுக்கவேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பொறியை எழுப்பினால், விண்டோஸ் எழாமலே கோப்புகளைப் படி எடுக்கலாம்.

இதற்கு ஒரு தடை உண்டு. அண்மைக் காலத்துப் பொறிகள் பலவற்றில் வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது பெரும்பாலான பொறிகளில் அப்பூட்டு தானாகவே விழுகிறது. வீட்டில் யாருக்கும் பூட்டியது தெரியாது. பயாஸ் அமைப்பு மாறினாலோ வட்டை வேறு பொறியில் மாட்டினாலோ அது 48 இலக்கம் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அவ்வெண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பொறி நலமாக இருக்கும்போதே எடுத்து ஒரு தாளில் எழுதி அம்மாவின் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். எண் போனால் வட்டில் உள்ளது கண்முன் இருந்தும் கைக்கு எட்டாது.

எங்கள் விடுதியில் ஆய்வு மாணவர் ஒருவர் இருந்தார். ஊர் ஊராகச் சென்று இரண்டாண்டு எடுத்த நேர்காணல்கள் அவர் பொறியில் இருந்தன. பொறி விழுந்து எழத் தொடங்கியதும் ஒரு கடையில் கொடுத்தார். "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள், போட்டார்கள். அறைக்குக் கொண்டுவந்த அன்று மாலையே பொறி மறுபடி விழுந்தது. குறை எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் இருந்தது. வட்டு எஸ்.எஸ்.டி. வகையைச் சேர்ந்தது, அழித்த இடத்தை அது தானே துடைத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. பழைய வட்டில் இருந்தாலாவது ஒரு பகுதியை மீட்டிருக்கலாம். அவர் மீண்டும் பேருந்து ஏறி அதே ஊர்களுக்குச் சென்றார். முன்பு பேசிய முதியவர்களுள் இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

ஃபார்மட் என்பது நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் உரிய கடைசி மருந்து. முதற்படியில் உள்ள நோயை அது தொடுவதில்லை. கடைக்காரர் அதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் கெட்ட எண்ணம் அன்று. அவருக்கு அது அரைமணி வேலை, நோயைத் தேடுவது அரைநாள் வேலை, இரண்டுக்கும் நாம் தரும் கூலி ஒன்றே.

எனவே கடைக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்றால், மேசைப் பொறியாயின் பக்கப் பலகையைக் கழற்றி, வட்டை எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய வட்டுக்கு இரண்டு கம்பிகளும் நான்கு திருகாணிகளும்தான். மதர்போர்டில் படுத்திருக்கும் மெல்லிய எஸ்.எஸ்.டி.க்குத் திருகாணி ஒன்றே. மின்சாரம், வெப்பம், நினைவகம் மூன்றையும் சோதிக்க வட்டு தேவையில்லை.  மடிக்கணினியாகி, கழற்ற அஞ்சினால், எந்தப் படியில் விழுகிறது, எழுத்துத் தோன்றியதா இல்லையா, எவற்றை மாற்றிப் பார்த்தாயிற்று என்பவற்றை ஒரு தாளில் எழுதி, "கேட்காமல் ஃபார்மட் செய்யவேண்டாம்" என்று மேலே பெரிதாக எழுதிப் பொறியின் மூடியில் ஒட்டிக் கொடுக்கலாம்.